மாளிகை ஏறிய முகங்கள்

நோய்க்கு அஞ்சி உலகமே முகத்தை மூடிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், நியூயார்க் நகரத்து மக்கள் முகங்களைக் காண்பதற்கென்றே ஓர் இடத்திற்குச் சென்றார்கள். 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் தொடங்கி, ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் வரை நடைபெற்ற ஓவியக் கண்காட்சி அது. ஐந்தாம் அவென்யூவில், அரண்மனையோ என ஐயுறும்படி தூண்களும் படிக்கட்டுகளுமாக எழுந்து நிற்கிறதே மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம், அங்கேதான். அந்தக் கூடமே முந்திய ஆண்டில் ஐந்து திங்களுக்கு மேல் கதவடைத்துக் கிடந்தது. திறந்த பிறகும் அளவாகத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். வந்தோர் அனைவரும் மூக்கு மறைய, வாய் மறைய, கண் மட்டும் தெரிய வந்தனர்.

சுவரில் இருந்த முகங்களோ எதனையும் மறைக்கவில்லை! பசியை மறைக்கவில்லை. பிணியை மறைக்கவில்லை. அச்சத்தை, அயர்வை, அறுவைக் கத்தியின் தழும்பை மறைக்கவில்லை. மூடிய முகங்கள் திறந்த முகங்களைப் பார்த்தன. திறந்த முகங்கள் மூடிய முகங்களைப் பார்த்தன.

யாருடைய முகங்கள் அவை? மணிமுடி தரித்த மன்னர்களா? மார்பிலே பதக்கம் தொங்கும் தளபதிகளா? எண்ணெய்க் கிணற்று முதலாளிகளா? அல்ல, அல்ல! எலும்புருக்கி நோயால் விலா எலும்பை இழந்து படுத்திருக்கும் இளைஞன் ஒருவன். மூன்று மக்களை அணைத்தபடி, நாளை என்ன செய்வது என்ற கேள்வியைக் கண்ணில் தாங்கிய தாய் ஒருத்தி. துறைமுகத் தொழிலாளரைத் திரட்டிய தலைவன். வீடு துடைத்துப் பிழைக்கும் பெண், நோயுற்ற தன் குழந்தைக்குப் பாலூட்டும் கோலத்தில். போருக்குப் போ என்று அரசாங்கம் ஆணையிட்ட கருப்பின இளைஞன். இவர்கள்தான் அந்த மாளிகையின் படியேறிச் சுவரில் அமர்ந்தவர்கள்.

இவர்களை அங்கே அழைத்துச் சென்றவர் ஆலிஸ் நீல் அம்மையார். 1900ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் பென்சில்வேனியாவில் பிறந்தவர், 1984இல் மறைந்தவர். கண்காட்சிக்கு இட்ட பெயர் ‘மக்களே முதல்’ என்பது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1950இல் அமெரிக்கப் பொதுவுடைமைக் கட்சி ஏடாகிய ‘டெய்லி வொர்க்கர்’ இதழுக்கு அம்மையார் கூறிய கருத்திலிருந்து வந்தது! கட்சி ஏட்டிலே வந்த சொல் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும் என்று எள்ளுவோர் உண்டு. அப்படி ஓர் ஏட்டில் வந்த சொல், 70 ஆண்டுகள் கழித்து, உலகத்தின் பெரிய கலைக்கூடங்களுள் ஒன்றின் முகப்பில் எழுத்தெழுத்தாக நின்றது. ஏடு விற்கக் கால் கடுக்க நிற்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

உருவ ஓவியம் என்பது உலகெங்கும் பணம் உடையோரின் பொழுதுபோக்காக இருந்த கலை. படம் வேண்டுமென்றால் ஓவியனுக்குப் பொன் கொடுக்க வேண்டும். பொன் கொடுத்தவன் புகழுரை கேட்பான். மூக்கு நீண்டிருந்தால் சற்றுக் குறைத்துப் போடு என்பான். ஓவியனும் குறைத்துப் போடுவான். அவனுக்கும் அடுப்பு எரியவேண்டுமே! சுவரில் ஏறிய முகங்கள் எல்லாம் கூலி கொடுத்த முகங்கள். ஆளுக்கொரு முகத்தை இயற்கை இலவசமாகத்தான் கொடுத்தது. அதைப் படமாக வைத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் பணப்பெட்டி பறித்துக்கொண்டது.

நீல் அம்மையார் அந்த வழக்கத்தை முறித்தார். தெருவிலே கண்டவரை, மாடிப்படியிலே எதிர்ப்பட்டவரை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, தோழர்களை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்து எழுதினார். படம் எழுதிக் கொடுங்கள் என்று பணம் நீட்டியோர் மிகச் சிலர். எழுதியவை வீட்டிலேயே தங்கின. அடுக்கடுக்காக, சுவரில் சாய்த்து, ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

அவருடைய வாழ்க்கையை விரித்துரைக்க இன்று பொழுது இல்லை. ஆனால் சிலவற்றைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அதன் பிறகே பிலடெல்பியாவில் பெண்களுக்கான ஓவியப் பள்ளி. 1925இல் கியூபா நாட்டு ஓவியர் கார்லோஸ் என்ரிக்கேசை மணந்தார். முதல் மகள் ஓராண்டு நிறையும் முன்னே, 1927இல், தொண்டை அடைப்பான் நோய்க்கு இரையானாள். இரண்டாம் மகளை 1930இல் கணவர் கியூபாவுக்கு அழைத்துச் சென்றார். அந்தக் குழந்தை தாயிடம் வளரத் திரும்பவில்லை. அம்மையாரின் மனம் உடைந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். மருத்துவமனையில் திங்கள் பல கழித்தார். மீண்டு வந்தவர் மறுபடியும் தூரிகையைத்தான் எடுத்தார்.

அதன் பிறகேனும் அமைதி கிட்டியதா? 1934இல், உடன் வாழ்ந்த மாலுமி ஒருவன் வெறி பிடித்தவனாகி, அவருடைய சித்திரங்களிலும் நீர்வண்ணப் படங்களிலும் 300க்கு மேற்பட்டவற்றைத் தீயிலிட்டான். 50க்கு மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களைக் கத்தியால் கிழித்தான். பத்து ஆண்டு உழைப்பு! ஒரு வீட்டில் நடந்த கொடுமை இது. நாடு செய்த கொடுமை வேறு ஒன்று உண்டு. 1929இல் பங்குச் சந்தை சரிந்து, வேலையற்றோர் கூட்டம் வீதியில் நின்றபோது, ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஓவியர்களுக்கும் சம்பளம் கொடுத்து வேலை வாங்கியது. நல்ல திட்டம், பாராட்டத்தக்க திட்டம். நீல் அம்மையாரும் அதில் சம்பளம் பெற்று எழுதினார். 1943இல் திட்டத்தை மூடினார்கள். மூடியவர்கள் ஓவியங்களை என்ன செய்தார்கள்? காயலாங்கடையில் போட்டார்கள், தோழர்களே! இராத்தல் 4 சென்ட் விலைக்கு, குழாய்களுக்குச் சுற்றும் துணியாகப் பயன்படட்டும் என்று விற்றார்கள். அம்மையார் ஓடிச் சென்று, தம் ஓவியங்கள் சிலவற்றைத் தாமே விலை கொடுத்து மீட்டார்.

எடை போட்டு விற்கப்பட்ட ஓவியங்களின் கதையை இத்தோடு நிறுத்துகிறேன். விலை பற்றிப் பின்னும் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது.

1935இல் அம்மையார் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டில் எழுதிய படம்தான் பாட் வேலன் என்ற தொழிலாளர் தலைவரின் படம். பால்டிமோர்த் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குவோரைத் திரட்டியவர் அவர். மேசைக்கு முன் அமர்ந்திருக்கிறார். மேசையின்மேல் கட்சி நாளேடு. நாளேட்டின்மேல் இறுக மூடிய இரண்டு கைகள். ஓவிய இலக்கணம் ஓத எனக்குத் தகுதியில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன். ஆனால் நாடகம் எழுதுகிறவன் ஒன்றை அறிவான். நடிகன் வசனத்தை மறந்துவிட்டால்கூடச் சமாளிக்கலாம்; கையை எங்கே வைப்பது என்று தெரியாதவனை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. வேலனின் கைகளைப் பாருங்கள். மூட்டை தூக்கித் தடித்த கைகள். எண்ணங்கள் எல்லாம் மேலே, கண்களில், எங்கோ தொலைவில் இருக்கின்றன; கைகள் மட்டும் செய்தித்தாளை விட்டு நகர மறுக்கின்றன. பக்கம் பக்கமாய் வசனம் எழுதி நான் காட்டவேண்டியதை அம்மையார் இரண்டு கைகளில் காட்டிவிட்டார்.

அடுத்த ஆண்டு, 1936இல், மற்றொரு படம் எழுதினார். பந்தம் ஏந்திய ஊர்வலம். முன்னணியில் ஒரு பதாகை. பதாகையில், நாஜிகள் யூதர்களைக் கொல்கிறார்கள் என்ற வாசகம். கண்காட்சியில் வைத்தபோது ஒரு பத்திரிகை விமர்சகர் குறை கண்டார். அரசியலுக்கு நல்லதுதான், ஆனால் கலைக்குப் பதாகை உறுத்துகிறது என்னும் பொருள்பட எழுதினார். அம்மையார் பிற்காலத்தில் அதை எண்ணிப் பார்த்து, அந்தப் பதாகையை அன்றைக்கு மக்கள் கவனித்திருந்தால் எத்தனையோ ஆயிரம் உயிர் பிழைத்திருக்கும் என்னும் கருத்தைச் சொன்னார்.

‘பிரச்சாரம்’ என்ற அந்தப் பழிச்சொல் நமக்குப் புதிதன்று. நாடகம் போட்டால் பிரச்சாரம், கதை எழுதினால் பிரச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குவோரை நாள்தோறும் பார்க்கிறோம். 1936இல் அந்த விமர்சகர் பதாகையின் அழகைப் பார்த்தார். பதாகை சொன்ன செய்தியைப் பார்க்கவில்லை. சில ஆண்டுகளில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். என்றாலும், நடுநிலையோடு ஒன்று கூறுவேன். அம்மையாரின் படங்களுள் தலைசிறந்தது அந்த ஊர்வலப் படம் அன்று. பதாகை ஏதும் இல்லாத ஒரு படத்தில்தான் அவர் எவராலும் மறுக்கமுடியாத குற்றச்சாட்டை எழுதினார். அந்தப் படத்தின்முன் சற்று நேரம் நிற்போம்.

1938இல் அம்மையார் ஸ்பானிய ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஓவியர்கள் பொதுவாகக் குடியிருக்க விரும்பியது கிரீன்விச் வில்லேஜ் பகுதி. அங்கே காப்பிக் கடைகளில் கலையைப் பற்றிப் பேசலாம். அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். ஓராண்டு ஈராண்டு அல்ல, 24 ஆண்டுகள் இருந்தார். அங்கே வாழ்ந்த நெக்ரோன் குடும்பத்தில் ஒரு மகன், கார்லோஸ் நெக்ரோன், வயது 24. எலும்புருக்கி நோய் பற்றிக்கொண்டது. நோய் தீர்க்கும் மருந்து கைக்கு வராத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? விலா எலும்புகளை வெட்டி எடுத்து, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கிப்போகச் செய்தார்கள். ஓய்வெடுக்கட்டும், ஆறட்டும் என்பது கருத்து. 1940இல் அந்த இளைஞனை மருத்துவமனைப் படுக்கையிலே வைத்து அம்மையார் எழுதினார். ‘டி.பி. ஹார்லெம்’ என்று பெயரிட்டார்.

தலையணையில் சாய்ந்திருக்கிறான். இடுப்புவரை வெள்ளைப் போர்வை. மார்பின் ஒரு பக்கத்தில் கட்டு. கட்டு இருக்கும் பக்கம் உடல் குழிந்து, தோள் கோணி, முதுகு வளைந்து கிடக்கிறது. ஒரு கை காயத்தின் அருகே மெல்லப் படிந்திருக்கிறது, தொட்டால் வலிக்குமோ என்று அஞ்சுவது போல. ஏசுநாதரைச் சிலுவையிலிருந்து இறக்கிய படங்களை நினைவூட்டுகிறது இது என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. அவன் கண்கள் நம்மைக் கெஞ்சவில்லை. காப்பாற்று என்று கேட்கவில்லை. என்னை இந்த நிலையில் நீ பார்த்துவிட்டாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்பது போலப் பார்க்கின்றன.

பெயரைக் கவனியுங்கள். நோயின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து வைத்தார். காற்று புகாத அறையில் பத்துப் பேர் படுத்தால், இருமல் ஒருவனோடு நிற்குமா? வாடகை வாங்குவோன் வேறு பகுதியில் வாழ்கிறான். அவன் நுரையீரல் நலமாக இருக்கிறது. நோய் ஊரைப் பிடித்தது, ஊர் அவனைப் பிடித்தது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஆனால் எழுதியது ஊரை அன்று, ஒரே ஒருவனை. அவன் மீசையை, அவன் கழுத்து நரம்பை, அவன் விரல்களை.

இங்கேதான் மேடை ஏறுகிற நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. மக்கள், மக்கள் என்று ஒரு மாலைக்கு எத்தனை முறை முழங்குகிறோம்! மக்கள் கொதித்தெழுந்தனர் என்கிறோம்; மக்கள் மன்றம் தீர்ப்பளிக்கும் என்கிறோம். கூட்டத்தில் இலட்சம் பேர் என்று மறுநாள் ஏட்டில் எழுதுகிறோம். பன்மையாகப் பேசுவது எளிது. பன்மைக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, இருமல் இல்லை. வாக்காளர் பட்டியலிலே வரிசை எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உரியவனின் வீட்டு வாசலில், அவன் எதிரில், இரண்டு மணி நேரம் வேறு வேலை எதுவுமின்றி உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நீல் அம்மையார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்த வேலை அதுதான். கட்சி உறுப்பினர் சீட்டு வைத்திருந்தோர் அன்றைய அமெரிக்காவில் பல ஆயிரம் பேர். ஹார்லெமில் ஒருவனுடைய படுக்கைக்கு அருகே நாற்காலி இழுத்துப்போட்டு அமர்ந்தவர் அவர்.

இனி, ஒரு நாடகக் காட்சி. நான் எழுதியதன்று, நடந்தது. காலம், 1955. மக்கார்த்தியின் பெயரைச் சொன்னாலே நடுங்கிக்கொண்டிருந்த அமெரிக்கா சற்றே மூச்சுவிடத் தொடங்கிய நேரம். ஆனால் வேட்டை ஓயவில்லை. இடம், 108ஆம் தெருவில் அம்மையாரின் வீடு. கதவு தட்டப்படுகிறது. எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறையினர் இருவர் நிற்கின்றனர். கட்சித் தொடர்பு பற்றி விசாரிக்க வந்தவர்கள். எவராயினும் என்ன செய்வர்? வியர்ப்பர், குழறுவர். அம்மையார் அவர்கள் முகங்களைப் பார்த்தார். உட்காருங்கள், உங்களைப் படம் எழுதுகிறேன் என்றார்! வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். ஊரார் முகத்தை எல்லாம் கோப்பிலே சேர்ப்பவர்களுக்குத் தம் முகத்தைச் சீலையில் சேர்க்க மனம் வரவில்லை. அவர்களுடைய கோப்பு அம்மையாரைக் கற்பனை மயக்கம் கொண்ட, கட்டற்ற வாழ்க்கைப் பொதுவுடைமைக்காரி என்பது போலக் குறித்து வைத்தது. இப்படி ஒரு நகைச்சுவைக் காட்சியை என் நாடகத்தில் நான் எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டாய் என்பீர்கள்.

அம்மையாரிடம் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. சோவியத்து நாட்டின்மீது அவர் வைத்த பற்று இறுதிவரை குறையவில்லை. 1981இல் அவர் ஓவியங்கள் மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த நாட்டின் சிறைக்கூடங்களில் வாடிய முகங்கள் அவர் நாற்காலிக்கு வரவில்லை. வராத முகங்களை அவர் எண்ணிப் பார்த்ததாகவும் தெரியவில்லை. எதிரே அமர்ந்தவரிடம் ஏமாறாத கண், தொலைவில் இருந்ததிடம் ஏமாந்தது. அவருடைய அரசியலைவிட அவருடைய தூரிகை கூர்மையானது என்பது என் கருத்து.

அவர் எழுதிய முறையைப் பற்றி இரண்டொரு சொல். பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துப் பிறகு வண்ணம் பூசும் வழக்கம் அவரிடம் இல்லை. தூரிகையை நீல வண்ணத்தில் தோய்த்து நேரே சீலையில் உருவத்தை இழுப்பார். அந்த நீலக் கோடு படம் முடிந்த பின்னும் மறையாது. உட்கார்ந்தவரோடு பேசிக்கொண்டே இருப்பார். பேச்சிலே ஆள் தன்னை மறப்பான். கால் மடங்கும், தோள் தளரும், வேடம் கழன்று விழும். அந்த நேரத்தில்தான் கோடு விழும். முகத்துக்கும் கைக்கும் வேண்டிய அளவு உழைப்பார். பின்னணியைச் சிலவேளை அப்படியே விட்டுவிடுவார்.

1940களிலும் 1950களிலும் நியூயார்க்கில் காற்று வேறு பக்கம் வீசியது. உருவமே வேண்டாம், வண்ணமும் வீச்சும் போதும் என்றது அக்காலத்துப் புதுக்கலை. ஜாக்சன் பொல்லாக் சீலையைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டார். செல்வர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். அந்தக் கலையை நான் பழிக்கவில்லை. மனித முகத்தை எழுதுவது பழம்பஞ்சாங்கம் என்று ஆயிற்று என்பதைத்தான் சொல்கிறேன். நீல் அம்மையார் அறுபது வயதை எட்டும்வரை அவரை அறிந்தோர் சிலரே. பொதுநல உதவிப் பணத்தில் இரண்டு மகன்களை வளர்த்தபடி, அண்டை வீட்டாரை எழுதிக்கொண்டே இருந்தார்.

1960களில் காலம் மாறிற்று. கருப்பின மக்களின் உரிமைப் போரும் பெண்ணுரிமைப் போரும் அமெரிக்காவைக் குலுக்கின. தெருவில் நின்றோரை எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார் என்பது அப்போதுதான் பலருக்குப் புலப்பட்டது. 1964இல், உரிமைப் போரின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பார்மரை எழுதினார். 1970இல் ஆண்டி வாரலை எழுதினார். பிறர் முகங்களை எல்லாம் பளபளக்கும் சரக்காக்கி விற்றுப் பெரும்புகழ் ஈட்டிய ஓவியர் வாரல். 1968இல் ஒரு பெண் அவரைத் துப்பாக்கியால் சுட்டாள். மருத்துவர்கள் அரும்பாடுபட்டு உயிரைக் காத்தார்கள். அந்த வாரல், சட்டை கழற்றி அமர்ந்திருக்கிறார். வயிற்றைத் தாங்கும் மருத்துவக் கச்சை. மார்பெங்கும் தையல் தழும்புகள். கண்களை மூடிக்கொண்டிருக்கிறார். படாடோபத்தின் தலைமகன், படுக்கையிலிருந்து எழுந்த நோயாளியாகத் தெரிகிறார். ‘டி.பி. ஹார்லெம்’ இளைஞனுக்கும் இவருக்கும் இடையே 30 ஆண்டுகள். ஒருவனுக்குக் காசு இல்லை, மற்றவருக்குக் கணக்கில்லை. இருவரின் காயத்தையும் அம்மையார் ஒரே பரிவோடு, ஒரே கண்டிப்போடு எழுதினார். சமத்துவம் என்பதைச் சீலையில் கண்டேன் என்று நான் சொல்வது இதைத்தான்.

தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 80ஆம் வயதில், 1980இல், தம் உருவத்தைத் தாமே எழுதி முடித்தார். ஆடையின்றி! நீலக் கோடிட்ட நாற்காலியில், கையில் தூரிகையோடு, தளர்ந்த தோல், சரிந்த மார்பு, வெண்பஞ்சுத் தலை. நம்மவர் சிலருக்கு இது முகஞ்சுளிக்க வைக்கலாம். ஆடவர் ஓவியர் இளம்பெண்களை ஆடையின்றி எழுதி எழுதிக் கூடங்களை நிரப்பிய உலகத்தில், கிழவி ஒருத்தி தன் முதுமையைத் தானே எழுதுவதுதான் ஆபாசமோ? எத்தனையோ பேரை உட்காரவைத்த நாற்காலியில் தாமும் உட்கார்ந்து, உங்களிடம் கேட்டதை நானும் தருகிறேன் என்றார், அவ்வளவுதான்.

மறுபடியும் அந்த மாளிகைக்கு வருவோம். 1969ஆம் ஆண்டு சனவரியில், அதே மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில், ‘என் நெஞ்சில் ஹார்லெம்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஹார்லெமைப் பற்றிய கண்காட்சி. ஆனால் ஹார்லெமின் ஓவியர்களுக்கு, சிற்பிகளுக்கு, அதில் இடமில்லை! நிழற்படங்களை மட்டும் தொங்கவிட்டு, எங்கள் நெஞ்சில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றார்கள். கருப்பின ஓவியர்கள் கலைக்கூடத்தின் வாசலில் மறியல் செய்தார்கள். அந்த மறியலில் பனிக்காலக் குளிரில் சேர்ந்து நின்ற வெள்ளையர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் ஆலிஸ் நீல். அப்போது அவருக்கு ஏறத்தாழ 69 வயது.

வாசலில் நின்று முழங்கிய அந்த அம்மையாருக்குத்தான் 52 ஆண்டுகள் கழித்து, அதே கூடம் நூறளவு ஓவியங்களுக்கு இடம் தந்து விழா எடுத்தது. கூடம் இருப்பது 82ஆம் தெரு; அவர் வாழ்ந்த வீடு 108ஆம் தெரு. நடந்து போனால் அரைமணி நேரம். அந்த அரைமணித் தொலைவை ஹார்லெமின் முகங்கள் கடப்பதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. நியூயார்க்கோடு நிற்கவில்லை, ஸ்பெயின் நாட்டில் பில்பாவோ நகரிலும், பிறகு 2022இல் சான் பிரான்சிஸ்கோவிலும் அதே கண்காட்சி நடைபெற்றது.

வெற்றிதானே என்பீர்கள். வெற்றிதான். ஆனால் 2021ஆம் ஆண்டு மே திங்களில் அம்மையாரின் ஓவியம் ஒன்று 30 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. இராத்தல் 4 சென்ட் எங்கே, 30 இலட்சம் எங்கே! வாங்கியோர் ஸ்பானிய ஹார்லெம்வாசிகளாக இருக்கமுடியாது. கூலி கொடுக்காத முகங்களைக் கூலி கொடுப்போர் தேடி வந்து வாங்குகிறார்கள். கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தை எவரும் வந்து பார்க்கலாம். சீமான் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்கும் படத்தை யார் பார்ப்பது? இதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. இறந்த பிறகு புகழ், புகழுக்குப் பிறகு சந்தை என்ற ஏற்பாட்டைக் கலைஞன் மாற்றமுடியாது. அரசியல் மாற்றலாம், அது வேறொரு நாள் பேச்சு.

ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

1965ஆம் ஆண்டு. வியட்நாம் போர் மூண்டுவிட்டது. ஜேம்ஸ் ஹண்டர் என்ற கருப்பின இளைஞனைத் தெருவிலே சந்தித்து, படத்துக்கு அமரும்படி அம்மையார் அழைத்தார். படையில் சேரும்படி அவனுக்கு ஆணை வந்திருந்தது; ஒரு வாரத்தில் புறப்படவேண்டும். முதல்முறை வந்து அமர்ந்தான். கன்னத்தைக் கையில் தாங்கி, கண்களைக் கீழே தாழ்த்தி, எதையோ எண்ணியபடி. அன்று அம்மையார் முகத்தை எழுதினார். தாங்கிய கையை எழுதினார். மற்றவற்றுக்கு, வழக்கம்போல, கோடு மட்டும் இழுத்து வைத்தார். அடுத்தமுறை வரும்போது வண்ணம் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

அவன் அடுத்தமுறை வரவில்லை.

அம்மையார் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பி, பின்புறத்தில் கையெழுத்திட்டு, இது முடிந்த படம் என்று அறிவித்தார். 1974இல் விட்னி கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களுக்கு முதல் பெரும் கண்காட்சி நடந்தபோது அப்படியே கொண்டுபோய் மாட்டினார். முகமும் ஒரு கையும் வண்ணத்தோடு இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே சட்டை வெறும் கோடு. மடி வெறும் கோடு. மற்றது எல்லாம் வெள்ளைச் சீலை.